கை அகலத் திறப்பு

அக்டோபரிலேயே ஒவ்வொரு விரிசலாகத் தேடி அடைத்தோம்.
பலகை இடுக்கில் சணல்,
கதவோரம் பழைய கம்பளி,
ஜன்னலுக்கு இரட்டை பிளாஸ்டிக்.
ஊசி நுழையாது என்றான் ரெயோ,
பெருமையாக.

எட்டுப் பெட்டைகள், ஒரு சேவல்.
சேவலுக்கு அமைச்சர் என்று பெயர்;
நடையைப் பார்த்து வைத்தது.

ஜனவரியில் மைனஸ் முப்பத்தொன்று.
கூண்டைத் திறந்தால் கண் எரிந்தது.
கண்ணாடியின் உட்புறம் விரல் தடிமனுக்கு உறைபனி.
வானத்திலிருந்து விழுந்ததில்லை அது.
ஒன்பது நெஞ்சுகள் இரவெல்லாம் விட்ட மூச்சு,
எச்சத்தின் ஈரம்,
போக வழியில்லாமல்
ஆணித்தலைகளில் பூத்திருந்தது.
அமைச்சரின் கொண்டையில்
மூன்று நுனிகள் கறுத்திருந்தன.

வைக்கோலில் மண்டியிட்டேன்,
அவற்றின் மூக்கு உயரத்துக்கு.
நூறு எண்ணுவதாக இருந்தேன்.
நாற்பத்திரண்டில் எழுந்து
ரம்பம் எடுக்கப் போனேன்.

கூரை இறங்கும் நிழலில்,
தூங்கும் தலைகளுக்கு வெகு மேலே,
கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று,
கை அகலத் திறப்பு.
எலி நுழையாத கம்பிவலை.
“பின்லாந்து முழுக்கக் கணப்பு மூட்டப் போகிறாயா, ஐலா?”
ஏணியைப் பிடித்தபடி கத்தினான் ரெயோ.
பிடித்தபடிதான்.

இரவு பத்துக்கு டார்ச் அடித்துப் பார்த்தோம்.
திறப்புகளில் மெல்லிய ஆவி
நூல் பிரிவதுபோல் போய்க்கொண்டிருந்தது.
உள்ளே ஒன்பது இறகுப் பந்துகள்.
ஒன்றும் அசையவில்லை.
எங்களுக்குத்தான் குளிர்ந்தது.

மார்ச்சில் கறுத்த நுனிகள் உதிர்ந்தன.
ஒன்று தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது.
அமைச்சர் கவனித்ததாகத் தெரியவில்லை.
விடியற்காலை மூன்றரைக்கே கூவுகிறார்,
இப்போது இரண்டு துளை வழியாக,
ஏரிக்கு அந்தப் பக்கம்வரை.