ஏழு பி, பதினோராவது மேசை

கத்தரிக்கோலுக்குத் தடை.
பேருந்தில் யாரோ யாருடைய பின்னலையோ
வெட்டிய நாளிலிருந்து.
அதனால் கிழிக்கிறோம்.

ஷார்ஜா. அக்டோபர் பிறந்தும் இறங்காத வெயில்.
காலையில் பெண்பிள்ளைகள்,
ஒரு மணிக்குமேல் பையன்கள்.
இரண்டு ஷிப்டும் பார்ப்பவை மேசைகள் மட்டும்தான்.
நானும்.

திரையில் ஒரு ஜப்பானிய மழை.
"ஸ்கேல் வெச்சுப் போட்டிருக்காங்க மிஸ்."
"மழை அப்படியா இருக்கும்?"
பாதிப் பேருக்குத் தெரியவில்லை.
ஜூலை லீவில் ஊருக்குப் போனவர்கள்
தெரிந்தமாதிரி தலையாட்டினார்கள்.

சூப்பர் மார்க்கெட் சலுகைத் தாள்களைக்
கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.
கட்டுக்கட்டாய் வந்தன, சிவப்பும் மஞ்சளுமாய்.
தள்ளுபடிக்கு நீலம் ஆகாது போலிருக்கிறது.
கடலுக்கு அலைந்தோம்:
தண்ணீர் பாட்டில் லேபிள்,
சோப்புத்தூள் பை,
டிஷ்யூ டப்பாவின் ஒரு பக்கம்.
அர்ச்சனாவின் அப்பா வேலைபார்க்கும் கார்கோ கடையிலிருந்து
ஒரு முழு நீல உறை.
அன்று அவள்தான் பணக்காரி.

உன்னைப் பார்த்து இழுத்தால்
ஓரத்தில் வெள்ளை தெரியும்.
எதிர்ப்பக்கம் தள்ளினால் மறைந்துவிடும்.
நுரை வேண்டுமா, இழு.
பனி வேண்டுமா, அதுவும் அப்படித்தான்.
மலையைக் கண்ணாடி சன்னலில் தேடியவளிடம்
கோர்ஃபக்கான் போகும் வழியில் பார்த்ததை
நினைத்துக்கொள் என்றேன்.
"அதுல பனி இல்லையே மிஸ்."
இழு, வரும்.

பிறகு, நிரப்பாத இடமும் படம்தான் என்றேன்.
சொல்லும்போதே நாக்கு இடறியது.
ஒரு ஹாலைத் திரைபோட்டு
இரண்டு குடும்பமாக்கிய வீடுகளிலிருந்து
வருகிறவர்களிடம்
காலி இடத்தின் அழகைப் பேசுகிறேன்.

சுமையா மட்டும் பிடித்துக்கொண்டாள்.
இடது ஓரம் ஒரு மலை. நாலு விரற்கடை அலை.
மீதி முழுக்க
பரோட்டா சுற்றும் தாளின் பழுப்பு.
"முடிஞ்சுது மிஸ்" என்றாள்
முப்பத்தொரு பேருக்கும் முன்னால்.
பசை காயட்டும் என்று
பதினோராவது மேசையிலேயே விட்டுப்போனாள்.

மதியம் அதே மேசை ஆல்ட்ரினுக்கு.
நான் வருகைப்பதிவு எடுத்து நிமிர்வதற்குள்
பழுப்பின் நடுவில் ஒரு படகு.
தக்காளிப் படத்தில் கிழித்தது.
சிவப்பு வயிற்றில் விலை அப்படியே:
கிலோ 2.95.

"சும்மா இருந்துச்சு மிஸ்."

மறுநாள் சுமையா அழவில்லை.
அழுதிருந்தால் எனக்குச் சுலபம்.
"இது என் வானம்."
"நான் கடல் என்று நினைத்தேன்."
"அவனும் நெனச்சிருக்கான்" என்றாள்,
என்னையும் சேர்த்து ஒரு பார்வையோடு.

நகத்தால் பிய்த்தாள்.
தாளின் தோலும் கூடவே வந்தது.
படகு இருந்த இடத்தில்
படகு அளவுக்கு ஒரு வெள்ளை.
சொரசொரப்பு. பஞ்சு.
நான் எத்தனை வாரம் கற்றுக்கொடுத்தும்
இந்த வகுப்பில் எவருக்கும் வராத வெள்ளை.
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

பசை கெட்டியாய்ப் பிடித்த ஒரு மூலை மட்டும் வரவில்லை:
நகக்கண் அளவு சிவப்பு,
அதில் .95.

திரையில் அவர்கள் பார்த்த படங்களிலெல்லாம்
கீழே ஓரமாய் ஒரு சிவப்பு முத்திரை உண்டு.
போட்டவர் பெயர் என்று சொல்லியிருந்தேன்.
சுமையா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
நகத்தை மடக்கிக்கொண்டாள்.

மதியம் ஆல்ட்ரின் வந்தான்.
தேடினான்.
"படகு எங்க மிஸ்?"
கிளம்பிவிட்டது என்றேன்.
"யார ஏத்திக்கிட்டு?"

மணி அடித்தது.
மேசைமேல் காய்ந்த பசையைக்
குச்சிகுச்சியாய் உரித்துக்கொண்டிருந்தான்,
பேருந்து ஹார்ன் அடிக்கும்வரை.