அஞ்சு ரூபாய்க் கனம்

தோவாளை தாண்டினால்தான் கதவு விசிலடிக்குமாம்.
அதுவரை ஊமை.
ஆரல்வாய்மொழிக் காற்று கண்டுபிடித்த ஓட்டையை
அழகியமண்டபத்தில் நின்று நான் தேட வேண்டும்.

தொண்ணூற்று மூன்று மாடல் எண்ணூறு, வெள்ளை.
கொண்டுவந்தது ஷைனி கில்டா.
தபாலாபீசில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தவள்.
"ரப்பர் மாத்தினா போதும் இல்லியா?"
ரப்பர் போன மாசம் போட்டது.
அதன் மேல் கடைக்காரன் எழுதிய விலைகூட அழியவில்லை.

என்னிடம் அளவுகோல் ஒன்றுதான்:
பழைய, கனத்த அஞ்சு ரூபாய்த் துட்டு.
இடது கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே
மேலே விட்டேன், தொளதொளவென்று ஆடி உள்ளே விழப் பார்த்தது.
நடுவில் பிடித்து நின்றது.
கீழே நுனியைக்கூட வாங்கவில்லை.

கதவு தொங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.
கீல் போல்ட்டைத் தளர்த்தி
ஜாக்கி மேல் ரப்பர் மரத் துண்டு வைத்து
பைய ஏற்றினேன். ஒரு வாஷர். இன்னொரு வாஷர்.
முன்பக்கக் கேப்பு அடைந்தது.
அடைந்த கேப்பு கதவோடு நடந்து
பின்பக்கம் போய் நின்றுகொண்டது.

டேப் பிடித்தேன், மூலைக்கு மூலை.
இடது வாசல் வலதைவிட ஏழு மில்லி குறைவு.

"இடிச்சிருக்கு."
"இடிக்கல்ல. வாங்கின நாள் முதல் எங்க கையிலயாக்கும்."
"செரி, இடிக்கல்ல" என்றபடி
உப்புத்தாளை எடுத்தேன்.

வெள்ளைக்கு அடியில் பட்டி,
தோசைக் கனத்துக்கு.
பட்டிக்கு அடியில் ஒரு கீற்று நீலம்.
குளச்சல் ரோட்டில் ஓடுகிற
மீன் வண்டிகளின் நீலம்.

அவள் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.
பிறகு தம்மாமுக்குப் போன் போட்டாள்,
நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்.
"வண்டிய எங்கயாவது தட்டினீங்களா?"
அங்கே ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
"நெய்யூருக்கு வந்த ராத்திரி.
சொல்லணும்னுதான்... அப்பம் உனக்க கிட்ட
அதையா சொல்ல முடியும்?"

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ரோட்டோரம் போனாள்.
எந்த ராத்திரி என்று நான் கேட்கவில்லை.
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரைத் தேடினேன்,
கையில்தான் இருந்தது.

திரும்பி வந்து, "எவ்வளவு ஆவும்?"
சொன்னேன்.
"மூக்கு வரைக்கும் கேக்கீரே" என்றாள்.
இருநூறு குறைத்தேன்.

வாசலுக்குக் குறுக்கே பவர்ஜாக் வைத்து இரண்டு நாள்.
தகரம் விட்டுக்கொடுக்கும்,
ஜாக்கை எடுத்ததும் பாதியைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.
அதனால் ஏழு வேண்டுமென்றால் பதினாலு தள்ள வேண்டும்,
பதினாலில் கண்ணாடி உடையாமலிருக்க
வேண்டிக்கொள்ளவும் வேண்டும்.

இனி வலதைப் பார்த்து இடதை ஒப்பிக்கலாம் என்று
வலதில் துட்டை விட்டேன்.
அங்கேயும் மேலே ஆட்டம், கீழே இறுக்கம்.
எங்கும் இடிபடாத பக்கம்!
கம்பெனியிலிருந்து அப்படியே வந்திருக்கிறது,
துட்டு விட்டுப் பார்க்க
இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லை.
இந்த வண்டியில் நேராக இருப்பது எது என்று
பம்பரிலிருந்து டிக்கிவரை சுற்றினேன்.
நம்பர் பிளேட். அதுவும் புதுசு.

கடைசியில் இடதை
வலதின் கோணலுக்கே கொண்டுவந்து நிறுத்தி
போல்ட்டை முறுக்கினேன்.
சாத்தினால் இரண்டும் ஒரே சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை முப்பந்தலில் இருந்து போன்.
காற்றாடிகளின் இரைச்சலுக்கு மேலே கத்துகிறாள்:
"இடது பக்கம் கம்முனு இருக்கு!
இப்பம் வலது பக்கம் விசிலடிக்குது.
மெதுவாத்தான்.
இத்தன நாளும் அடிச்சிருக்கும் போல,
மத்த சத்தத்துல கேக்கல்ல."

"புதன்கிழமை கொண்டுவாங்க" என்றேன்.
"எதுக்கு?" என்றாள்.