உப்பைத் தடுத்தவன்

கம்பாஹீ ஆற்றங்கரையில், விடிவதற்கு முன்,
ஓர் ஆள் குப்புறப் படுத்திருக்கிறான்.
குடிக்கவில்லை.
ஆற்றில் ஒரு வாய் அள்ளி
நாக்கில் உருட்டித் துப்புகிறான்.
பிறகு இன்னொரு வாய், முழங்கை ஆழத்திலிருந்து.
மேலே நன்னீர்.
கீழே கடல், பூனை நடையில்.

மதகுக் கதவை ஒரு சாண் தூக்குகிறான்.
வயல் குடிக்கிறது.

ஆண்டு ஆயிரத்து எழுநூற்று எண்பத்து நான்கு.
கணக்கேட்டில் அவன் சிப்பியோ.
ஆப்பிரிக்காவை அடித்து வீழ்த்திய
ரோமத் தளபதி ஒருவனின் பெயர்.
வைத்தவருக்கு அது வேடிக்கை.
விலை எழுபது பவுன். அடுத்த வரியில்
ஒரு கோவேறு கழுதை, இடக்கண் பழுது.
தாய் இட்ட பெயர் ஏட்டில் இல்லை.
நானும் ஒன்றைப் புனைந்து வைக்கப் போவதில்லை.

குடைந்த சைப்ரஸ் மரத்தை வரப்புக்கடியில் புதைத்து
வாயில் கட்டை செருகியதுதான் இங்கே முதல் மதகு.
பலகைப் பெட்டியும் கீல்கதவும் வந்த பிறகும்
அதை அடிமரம் என்றே அழைத்தார்கள்.
கடலுக்கு அந்தப் பக்கம்,
அலையாத்திச் சேற்றில் நெல் விளைந்த கரையில்,
அதே மரம் பனையாகக் கிடந்து
அவன் பிறக்கும் முன்பே
நீரை விட்டும் நிறுத்தியும் கொண்டிருந்தது.
அவனைக் கப்பலில் ஏற்றியவர்கள்
பல்லை எண்ணினார்கள், விரலை எண்ணினார்கள்.
நாக்கை எண்ணவில்லை.

துரைக்கு அரிசி தெரியும், தட்டில்.
விருந்தாளிகளுக்கு வரைபடம் விரித்து
என் மதகு, என் வாய்க்கால், என் யோசனை என்பார்.
மூலையில் சுருள் சுருளாக அவர் கையெழுத்து.

அந்தச் செப்டம்பரில் மழை இல்லை.
கதிர் பால் பிடிக்கும் நேரம்.
திற என்றான் கங்காணி ஹார்லன் பெக்.
சிப்பியோ துப்பிவிட்டு, வேண்டாம் என்றான்.
சாட்டை பேசியது.
வேண்டாம் என்றான் மறுபடியும், மண்ணில் கிடந்தபடி.
களைக்கொத்தியோடு நின்ற மிண்டா
முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பெக் தன் கையாலேயே கதவைத் தூக்கினான்.
பளபளவென்று வந்தது தண்ணீர், பார்க்க அழகாக.
நாலாம் நாள்
மதகை ஒட்டிய மூன்று ஏக்கர்
செம்பட்டை மயிர்போல் சாய்ந்து கிடந்தது.

ஐந்தாம் நாள் யாரும் ஆணையிடவில்லை.
பனியில் கோட்டு நனைய,
கையில் தொப்பியோடு,
துரை வரப்பின்மேல் நின்றார்
அவன் துப்புவதற்காக.

அது விடுதலை இல்லை.
முதுகுக் காயத்தில் ஈ மொய்த்துக்கொண்டுதான் இருந்தது.
அவன் வேண்டுமென்றே
கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறது என் மொழி.
உப்பு வராமல் காத்தவனுக்கு
அதில் ஒரு பழமொழியும் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

இப்போது அந்த வயல்களில் வாத்துகள் இறங்குகின்றன.
வரப்பு மட்டும் நேர்கோடாக, மனிதர் வைத்த கோடாக,
வானத்திலிருந்து பார்த்தால்கூடத் தெரிகிறது.
வெர்டெல் ஃபிரிப் படகை நிறுத்தி
உவர்ப்பு மானியை ஆற்றில் இறக்குகிறாள்.
வருடா வருடம் கடல் மேலே ஏறி வருகிறது.
அதைக் குறித்து வைப்பது அவள் வேலை.

திரையில் எண் நிலைகொள்ளாமல் ஓடுகிறது.
காத்திருக்கும் அந்த நேரத்தில்
யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு
நனைந்த விரலை நாக்கில் வைக்கிறாள்.
முகம் சுளிக்கிறாள்.

துப்புகிறாள்.