138 வராத கிழமை

நூறாம் நம்பர் வந்தது.
நூற்றொன்று வந்தது.
நூற்றிருபது, நூற்றிருபத்திரண்டு
எல்லாம் எங்கள் திரையில் பச்சைப் புள்ளிகளாய்
ஊர்ந்து வந்து சேர்ந்தன.
நூற்று முப்பத்தெட்டு மட்டும் இல்லை.

காலையில் அதில் தொங்கிக்கொண்டு வந்த ருவனி
தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்:
"எங்க பஸ் எங்க?"

டூப்ளிகேஷன் ரோட், நாலாம் மாடி.
நிரலைத் திறந்தேன்.

பழைய சட்டம்தான்:
வெறும் எண்ணுக்கு லிஸ்ட்டுக்குள் இடமில்லை,
மேலே ஒரு பெட்டி வேண்டும்.
அந்த வேலையை ஜாவா தானே பார்த்துக்கொள்ளும்,
கேளாமலே,
மாத்திக் காசில்லாத கடைக்காரர்
உள்ளங்கையில் டொபி வைப்பதுபோல.
நாமும் திருப்பிப் பார்ப்பதில்லை.

நூற்றிருபத்தேழு வரைக்கும்
முன்கூட்டியே செய்த பெட்டிகள் அடுக்கில் உண்டு.
யார் நூறு கேட்டாலும் அதே நூறை நீட்டும்.
அதற்கு மேலே
கேட்கக் கேட்கப் புதுப் பெட்டி.
பயணி தட்டிய 138 ஒன்று,
லிஸ்ட்டில் கிடந்த 138 இன்னொன்று.
இரண்டும் ஒன்றா என்று
இரட்டைச் சமன் போட்டு நான் கேட்டது
உள்ளே இருந்த எண்ணை அல்ல,
பெட்டி வைத்திருந்த இடத்தை.
இல்லை என்றது.
பொய் சொல்லவில்லை.

"டெஸ்ட் பண்ணயில்லையா?" என்றார் ஃபர்ஸான்.
பண்ணினேன். நாற்பது தடவை.
வெள்ளவத்தைச் சந்தையடியில் நின்று
நான் ஏறும் நூறை வைத்து.
மருதானை ரிஸ்னா நூற்று மூன்றை வைத்து.
இந்த மேசையைச் சுற்றி
நூற்றிருபத்தேழைத் தாண்டி வீட்டுக்குப் போகிறவள்
ஒருத்திதான்.
அவளிடம் நாங்கள் கேட்கவில்லை.

இரண்டு கோடுகளை அழித்து
ஈக்குவல்ஸ் என்று எழுதினேன்.
அவ்வளவுதான். ஒரு வரி.
ஒரு கிழமையாய் ஹைலெவல் ரோட்டில்
போனைப் பார்த்துக்கொண்டு நின்ற சனத்துக்கு
எந்த வரியில் எழுதுவது?

ஆறு மணிக்கு ருவனியோடு
நகர மண்டபம் வரை நடந்தேன்.
வழியில் பிளேன் டீக்குக் கொடுத்த நோட்டில்
மிச்சம் இரண்டு டொபி.
ஒன்றை நீட்டினேன்.
உறையைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டே
வாயில் போட்டாள்.

திரையில் பச்சைப் புள்ளி:
138, மூன்று நிமிடத்தில்.

பதினேழு நிமிடம் கழித்து வந்தது,
மிதிபலகையில் ஆள் வழிய.
அது என் பிழையில்லை.