மூன்று-ஏ அறை

ஆறு வருடத்தில் மூன்றாவது முறையாக
எங்களை வாங்கியிருக்கிறார்கள்.
செய்தி கேன்டீனுக்கு வந்தது,
கக் ரொஹானியின் கைப்பேசி வழியாக,
மீ கோரெங் ஆறுவதற்குள்.

முதல் தடவை கேக் வெட்டினார்கள்.
இரண்டாம் தடவை டி-சட்டை,
எனக்கு எக்ஸ்எல். இன்னும் அதில்தான் தூங்குகிறேன்.
இந்தத் தடவை ஒரு காணொளி:
தலைமை அதிகாரி, வெள்ளைச் சுவர், ஒரு தொட்டிச் செடி.
‘குடும்பம்’ என்று நான்கு முறை சொன்னார்.
ஒலிபெருக்கி செய்கிறவர்களுக்கு
உதடு முந்தி, குரல் பிந்தி.

என் வேலை கேட்பது.
பாயான் லெப்பாசில், இரண்டாம் மாடியில்,
நான்கு ராசியில்லை என்று
மூன்று-ஏ ஆன அறையில்
பதினேழு வருடமாகக் கேட்கிறேன்.
பெட்டிக்கு நாற்பது நொடி:
அடியிலிருந்து உச்சிக்கு ஏறும் ஒரு நீள ஊளை.
திருகு தளர்ந்திருந்தால்
நூற்றிருபது ஹெர்ட்ஸில் பல் கூசும்.
பசை காயாத கூம்பு
எண்பதில் இருமும்.

ஒப்பிட்டுப் பார்க்க
மூலையில் ஒரு ஜோடி.
சாம்பிள் என்போம். வரிசை எண் கிடையாது.
ஏதோ குளிர் ஊரிலிருந்து வந்த பொறியாளர்
தன் கையால் மூடிய முதல் ஜோடி.
முதுகில் பென்சிலால் ஒரே சொல் எழுதிப் போனார்:
இப்படி.
அந்த ‘இப்படி’க்கு எவ்வளவு கிட்டே?
நான்கு லட்சம் பெட்டிக்கும்
இந்த ஒரு கேள்விதான்.

புதன்கிழமை கணக்கெடுக்க வந்தார்கள்.
கோலாலம்பூரிலிருந்து இருவர்,
சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண், கையில் ஸ்டிக்கர் சுருள்.
நாற்காலிக்கு ஒட்டினார்கள்.
மின்விசிறிக்கு ஒட்டினார்கள்.
தண்ணீர்ப் போத்தல் என்னுடையது என்றேன்,
உரித்துக்கொண்டார்கள்.
மூலையில் வந்து நின்றார்கள்.
இது என்ன, வாங்கின சீட்டும் இல்லை, விற்ற சீட்டும் இல்லை?
‘இதுதான் சரி’ என்றேன்.
எது?
‘இது.’
அந்தப் பெண் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு எழுதினாள்:
இதர சாமான், இரண்டு, மதிப்பு பூஜ்யம்.

பெயரை வைத்துக்கொள்வார்களாம்.
பெயருக்குத்தான் அத்தனை மில்லியனாம்.
பிறை கிடங்கில் பதினோராயிரம் பெயர்த்தகடுகளை
ஒன்று விடாமல் எண்ணிப் பூட்டியாகிவிட்டது.
உள்ளே இருப்பதை வேறெங்கோ செய்வார்கள்.
எங்கே என்று முடிவாகவில்லை.
எங்களை என்ன செய்வது என்றும்.
வியட்நாம் என்கிறான் தில் பகதூர்.
அவனுக்கு நவம்பரோடு பெர்மிட் முடிகிறது,
லெவியை எந்த முதலாளி கட்டுவார் என்பதே அவன் கவலை.
மேலாளர் ஊய் வாயே திறப்பதில்லை.
அவர் காரின் பின்கண்ணாடியில் மட்டும்
‘விற்பனைக்கு’ என்று ஒரு தொலைபேசி எண்.

திங்கட்கிழமை புது சாம்பிள் வந்தது.
அதே முகம், அதே தகடு.
தூக்கினேன், ஒரு கை போதுமாக இருந்தது.
நாற்பது நொடி ஓடவிட்டேன்.
எண்பதுக்குக் கீழே ஒன்றுமில்லை,
இருட்டில் மாடிப்படி முடிந்த பிறகும்
இன்னொன்றைத் தேடும் கால்.

படிவம் கேட்டது: மூலத்தோடு ஒத்திருக்கிறதா?
எந்த மூலத்தோடு என்று ஊய்க்கு எழுதினேன்.
‘வந்ததுதான் மூலம். அதையே அதனோடு ஒப்பிடவும்.’
ஒப்பிட்டேன்.
ஒத்திருந்தது. சுத்தமாக ஒத்திருந்தது.
பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டேன்:
கோமளவல்லி, தரச் சோதனை.

பழைய ஜோடி இன்னும் மூலையில்தான்.
வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும்.
மதிப்பில்லாததற்குச் சீட்டு கிடையாது.
குப்பையில் போடவும் அதே சீட்டு.

எட்டரை பஸ்.
பாலத்தில் ஏறியதும் என் ஜன்னல்
நூற்றிருபதில் அதிர ஆரம்பித்தது.
திருகு ஒன்று தளர்ந்திருக்கிறது என்று
ஓட்டுநரிடம் போய்ச் சொன்னேன்.
‘நம்ம பஸ் இல்லக்கா, வாடகை’ என்றார்.