வாலைச் சேர்த்துப் பிடி

ஆறு நாற்பதுக்கு நான் பள்ளிப் பேருந்தில் இருக்க வேண்டும்.
இப்போது மூன்றே முக்கால்.
வெஸ்ட்போர்ட் கழிமுகத்தில் வற்றம் தொடங்கி
அரை மணி ஆகிறது.

கயாக்கை மணலில் இழுத்தால்
ஊரையே எழுப்பும் சத்தம்.
ஊர் எழவில்லை.
வால்டோ ட்ரிப்பின் விசைப்படகு மட்டும் விழித்திருக்கிறது.
அவனிடம் மீனைக் காட்டும் திரை உண்டு,
இரண்டு இயந்திரம் உண்டு,
எனக்கென்று ஒரு கேலியும் உண்டு:
"ஜுல்மிரா, குளியல் தொட்டியோடு வந்துட்டியா?"
பதினோரு வருடமாக அதே தொட்டி.

வாளியில் பனிக்கட்டி மேல் ஏழு விலாங்கு.
குளிரில் அவை நல்ல பிள்ளைகள்.
ஒன்றைப் பழைய காலுறையால் பற்றி
தாடை வழியே வட்டத் தூண்டிலைக் கோத்தேன்.
சூடேறியதும்
என் மணிக்கட்டில் முடிச்சுப் போடப் பார்த்தது.

துடுப்பு வேண்டாம். வற்றும் நீரே கூட்டிப்போகும்.
உடைந்த படகுத்துறை, புல்திட்டு,
கம்பத்தின் மேல் விராலடிப்பானின் கூடு,
கடைசியில் மணல்திட்டின் உதடு.
அங்கேதான் ஆறு தடுக்கி விழுந்து
கடலாகிறது.
அந்த மடிப்பின் நிழலில் நிற்கும் பாஸ் மீன்கள்,
நீரோட்டத்துக்கு முகம் காட்டி,
மதிய உணவு வரிசைபோல.

முதலில் ஒரு தட்டல்.
கதவைத் தட்டிவிட்டு ஓடும் பிள்ளையின் தட்டல்.
இழுக்காதே, எண்ணு.
ஒன்று. இரண்டு.
மூன்று என் வாயில் இருக்கும்போதே
கயாக் திரும்பிவிட்டது.

யார் யாரைப் பிடித்தது என்பது
கயாக்கில் கொஞ்ச நேரம் தெரியாது.
சுருள் கதற, மணல்திட்டைத் தாண்டி
மூடுபனிக்குள் போனோம்.
கரை இல்லை.
வால்டோவின் இயந்திரம்
எல்லாத் திசையிலிருந்தும் இருமியது.
எங்கோ ஒரு மணிமிதவை
தன்னைத் தானே அடித்துக்கொண்டது.
பயந்தேனா?
ஐந்து பதினைந்து என்று நினைத்தேன்.
பதினான்கு நிறுத்தம், நாற்பத்தொரு பிள்ளைகள் என்று நினைத்தேன்.
கத்தி இடுப்பில்தான் இருந்தது. ஒரு நரம்பு, ஒரு வெட்டு.
கை போகவில்லை.

பக்கத்தில் வந்தபோது ஏழு கோடுகள்.
நான்காவது நடுவில் அறுந்து
கொஞ்சம் இறங்கி மறுபடி தொடங்கியது,
பேருந்தில் எழுதிய வீட்டுப்பாடம்போல.

மடியில் கிடத்தி அளவுகோலை வைத்தேன்.
இருபத்தெட்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது,
முப்பத்தொன்றை எட்டக் கூடாது.
வாலை விரித்தால்
முப்பத்தொன்றுக்கு ஒரு மயிரிழை குறைவு.
சேர்த்துப் பிடித்தால் முப்பத்தொன்றரை.
சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். சட்டம்.
மூடுபனி. சாட்சி இல்லை.
அண்ணன் கஸ்பார் பூண்டும் சிவப்பு மிளகாயும்
அரைத்து வைத்திருக்கிறான்.
விரித்தேன். சேர்த்தேன். விரித்தேன்.
செவுள் ஒருமுறை திறந்து
உள்ளே இருந்த சிவப்பைக் காட்டி மூடியது.

சேர்த்தேன்.

கீழ்த்தாடையில் பெருவிரலைக் கொடுத்து
ஓடும் நீருக்கு எதிராகப் பிடித்தேன்.
உடனே போய்விடும் என்று பார்த்தால், போகவில்லை.
பிடித்த நேரத்தைவிட
விட்ட நேரம் நீளம்.
பிறகு கடித்தது. தெம்பு வந்ததற்கு அதுதான் அடையாளம்.
வாலால் ஒரு வாளி நீரை
என் முகத்தில் அறைந்துவிட்டு,
இல்லை.

திரும்பும் வழியெல்லாம் ஆறு எனக்கு எதிர்க்கட்சி.
பத்து முறை துடுப்புப் போட்டால்
அதே பாறை.
பனிக்குள்ளிருந்து வால்டோ கயிறு வீசினான்.
கேலி வீசவில்லை.
"எங்கே?" என்றான், என் வெறும் மடியைப் பார்த்து.
"பெரிசு" என்றேன்.
கொஞ்ச நேரம் கயிறு மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

ஆறு ஐம்பத்திரண்டு. முதல் நிறுத்தம்.
இரண்டாம் வகுப்பு ஆன்செல்
படியிலேயே நின்று மூக்கைச் சுளிக்கிறான்.
"பன்னிரண்டு நிமிஷம் லேட்."
"ஆமாம்."
இன்னொரு முறை முகர்ந்துவிட்டு,
"எவ்வளவு பெரிசு?"

ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டுகிறேன்.
வலது பெருவிரல் உப்புத்தாளில் தேய்த்ததுபோல் எரிகிறது.
நடுவில் இருக்கும் காற்றை அவன்
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்க்கிறான்,
பிறகு என்னை.

கொஞ்சம் கூடத்தான் விரித்திருந்தேன்.
அரை அங்குலம் இருக்கும்.