டோக்கன்

மண்டபத்தில், ஐஸ் கம்பெனிக்கு மாடியில்
ஆறு பேர், ஏழு கணினி.
ஏழாவது ஓடாது; அதன்மேல் டிபன் பாக்ஸ் வைப்போம்.
நண்டுக் கம்பெனிகளுக்கு எடை பார்த்துக்
கூலி போடும் மென்பொருள் எங்களுடையது.
கீழே ஐஸ் உடைத்தால்
மேலே திரை நடுங்கும்.

கடைசி, கடைசி-2, இதுதான் கடைசி,
அம்மா சத்தியமாக் கடைசி
என்று கோப்புகளுக்குப் பெயர்.
எது ஓடுகிறதென்று ரெக்சனுக்கு மட்டும் தெரியும்.
அவன் மாமியார் வீட்டுக்குத் தங்கச்சிமடம் போனால்
எங்கள் எல்லோருக்கும் விடுமுறை.

அப்படியொரு சனிக்கிழமை
புள்ளிக்குப் பின்னால் இருந்ததையெல்லாம்
மென்பொருள் வெட்டிவிட்டது.
செபஸ்தியம்மாள் மாடியேறி வந்து
சீட்டை என் மேசையில் வைத்தாள்.
நகக்கண்ணில் நண்டோட்டுத் துணுக்கு.
"நாலே முக்காக் கிலோ உரிச்சேன். நாலுன்னு வருது.
முக்காலை யாரு தின்னா?"

முதலாளி சீனி செய்யது
மதுரையிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
தரக் குழு, தணிக்கைக் குழு, மாற்ற வாரியம்.
ஆறு பேரும் நாற்காலி மாறி மாறி உட்கார்ந்தாலும்
மூன்று பேர் குறைந்தது.
வளர்ச்சியில் நாங்கள் முதல் படி என்றார்.
அதற்குக் கீழே படி இல்லையாம்.

அவர் பஸ் ஏறியபின் முனீஸ்வரி சொன்னாள்:
"டோக்கன் இல்லாம விசைப்படகு கடலுக்குப் போகுமா?"

மஞ்சள் அட்டை நோட்டு ஒன்று வாங்கினோம்.
எதை மாற்றுகிறோம், யார் எழுதியது,
வேறு யார் பார்த்தது,
கவிழ்ந்தால் எப்படிக் கரை திரும்புவது.
இரண்டு கையெழுத்து.
முதல் பக்கத்தில்
நாற்பத்து மூன்று பெண்களின் முக்காலும் அரையும்.

ரெக்சன் மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள் அவன் எழுதியதில்
ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள் முனீஸ்வரி.
கீழே ஐஸ் உடைத்து முடியும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு அடித்து எழுதினான்.

வலை இழுத்தால் சங்காயமும் வரும்.
முன்பு கண்ணை மூடிக் கொட்டிவிடுவோம்,
இப்போது பிரித்து எண்ணுகிறோம்.
ஆடியில் எழுபது பிழை, ஐப்பசியில் முப்பத்தொன்று,
கார்த்திகையில் மறுபடி நாற்பது.
ஏனென்று தெரியவில்லை. தெரியவில்லை என்றும்
எழுதி வைத்திருக்கிறோம்.

நேற்று ராத்திரி பதினொன்றுக்கு முதலாளி போன்:
"ஒரே ஒரு வரிதான். நீயே மாத்தி ஏத்திவிடு,
யாருக்குத் தெரியப்போகுது."
டோக்கன் இல்லையே என்றேன்.
போனில் கொஞ்ச நேரம் கச்சான் காற்று மட்டும்.
பிறகு கேட்டார்,
"முனீஸ்வரி முழிச்சிருக்குமா?"